கருந்துளைகளை இரண்டு தடவை எண்ணிய கதை

நம் இயற்பியல் துறையில் இந்த ஆண்டு ஆய்வு மாணவர்களாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் பயன்படும்படி, 'ஆய்வில் வெற்றி பெறுவது எப்படி' என்று ஏதாவது எழுதித் தரும்படி துறைத் தலைவர் கேட்டார். வெற்றியைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் வேறு பலர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியும் தீர்த்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது தோல்வி. அதுவும் மூலையில் கிடந்து யாருக்கும் தெரியாமல் போன தோல்வி அல்ல. பொன்னாடை போர்த்தி, நாதஸ்வரம் வாசித்து, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில் பிளக்ஸ் கட்டிக் கொண்டாடப்பட்ட தோல்வி. அதை எழுதுகிறேன்.

சமன்பாடுகளை விட்டுவிடுகிறேன். அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும், தெரிந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும் பயிற்சி நேர்முகத் தேர்விலேயே முடிந்திருக்கும்.

ஆனால் இதை அலுவலகத்திலும் படிப்பார்கள். ஆகவே என் வேலை என்னவென்று இரண்டு பத்தியில் சொல்லிவிட வேண்டும். பெரிய நட்சத்திரம் ஒன்று எரிந்து முடித்துத் தனக்குள்ளேயே இடிந்து விழுந்தால் மிஞ்சுவது கருந்துளை என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கும். ஆதிக் கருந்துளைகள் அப்படி வந்தவை அல்ல. நட்சத்திரம் என்ற ஒன்றே பிறக்காத காலத்தில், பிரபஞ்சம் தொடங்கிய முதல் நொடியிலேயே, கொதித்துக் கிடந்த ஒளிக்குழம்பில் அங்கங்கே சற்று அதிகமாகத் திரண்டிருந்த இடங்கள் தம் எடை தாங்காமல் இடிந்து கருந்துளைகள் ஆகியிருக்கலாம். 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இதுவரை ஒன்றைக்கூட, இதோ இதுதான் என்று யாரும் கை நீட்டிக் காட்டியதில்லை. முப்பது ஆண்டுகள் நான் பிழைத்தது அந்த 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லை வைத்துத்தான்.

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது. எல்லாம் எல்லாவற்றையும் விட்டு விலகுகின்றன. ஆனால் இரண்டு கருந்துளைகள் மிக நெருக்கமாகப் பிறந்துவிட்டால், அந்த விரிவை மீறி ஒன்றையொன்று இழுக்கத் தொடங்கும். நேரே போய் முட்டிக்கொள்ள வேண்டியவை, தள்ளி நிற்கும் மூன்றாவது ஒன்று பக்கவாட்டில் லேசாக இழுப்பதால் முட்டாமல் தப்பி, ஒன்றையொன்று சுற்ற ஆரம்பிக்கும். சுற்றச் சுற்ற, ஈர்ப்பலைகள் என்ற அதிர்வுகளாக ஆற்றலை இழந்து, நெருங்கி நெருங்கிக் கடைசியில் ஒன்றாகிவிடும். சில ஜோடிகள் பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்திலேயே இணைந்து முடிந்திருக்கும். சில, இத்தனை காலமும் சுற்றிவிட்டு இப்போதுதான் இணைகின்றன. கருந்துளைகள் இணையும்போது எழும் அதிர்வைப் பிடிக்கும் கருவிகள் உலகில் சில இடங்களில் இருக்கின்றன. எத்தனை ஜோடிகள் சேர்ந்திருக்கும், அவற்றில் எத்தனை எப்போது இணைந்திருக்கும் என்று எண்ணுவதுதான் எங்கள் வேலை.

இந்த வேலையை மதுரையில் உட்கார்ந்து செய்வதில் கணிதத்தைவிடக் கடினமானவை படிவங்கள். ஒரு முறை 'ஆய்வு நடைபெறும் இடம்' என்ற கட்டத்தில் 'ஆரம்பகாலப் பிரபஞ்சம்' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அலுவலக உதவியாளர் படிவத்தோடு வந்து நின்றார்.

"மேடம், இடம் எழுதியிருக்கீங்க. மாவட்டம் எழுதலையே."

"அதுக்கு மாவட்டம் இல்லைங்க. எல்லா மாவட்டத்துக்கும் முந்தினது."

"மாவட்டம் போடலைன்னா கம்ப்யூட்டர் எடுத்துக்காது மேடம்."

மதுரை மாவட்டம் என்று போட்டுக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. பிரபஞ்சத்தின் முதல் நொடி நம் மாவட்ட எல்லைக்குள் நடந்ததாக இன்றைக்கும் ஆவணம் இருக்கிறது.

தமிழரசி என்னிடம் ஆய்வு மாணவியாக வந்தது அதற்குப் பிறகுதான். மேலூருக்குப் பக்கத்துக் கிராமம். தாத்தா காலம்வரை கூலி வேலைக்குப் போன, சொந்தமாக நிலமில்லாத குடும்பம். அப்பா கல் குவாரியில் கிரேன் ஓட்டி, முக்கால் ஏக்கர் வாங்கி நெல் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் பஸ்ஸில் வருவாள். நான் பேசும்போது மற்ற மாணவர்கள் தலையாட்டுவார்கள். இவள் ஆட்டமாட்டாள். புரிந்தால்தான் ஆட்டுவாள். ஆசிரியர்களுக்கு இது எவ்வளவு எரிச்சலான குணம் என்பது உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

வந்த முதல் வாரமே கேட்டாள். "மேடம், அப்ப இந்தக் கருந்துளையெல்லாம் இருக்கா இல்லையான்னே தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாமலே எண்ணுறோமா?"

"ஆமா."

கொஞ்சம் யோசித்தாள். "சரி மேடம். எண்ணிப் பாப்போம்" என்றாள்.

ஜோடிகளை எண்ணும் கம்ப்யூட்டர் புரோகிராமின் அடிப்படைப் பகுதியை நான் பல வருடங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதன்மேல் அவள் புதிய பகுதிகளைச் சேர்த்தாள். இரண்டு வருட உழைப்பு. ஒரு நாள் காலை, கிடைத்த எண்ணைக் கருவிகள் கேட்ட இணைப்புகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டோம். அப்படியே பொருந்தியது. கிட்டத்தட்ட அல்ல, சுமாராகவும் அல்ல. அச்சு அசலாகப் பொருந்தியது. அதாவது, கருவிகள் கேட்ட இணைப்புகள் அத்தனையும் ஆதிக் கருந்துளைகளுடையவையே என்று சொல்லிவிடலாம். அன்று துறை முழுவதற்கும் பருத்திப்பால் வரவழைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிடிக்காத விடை வந்த ஒவ்வொரு முறையும் நான் மூன்று வாரம் உட்கார்ந்து பிழை தேடியிருக்கிறேன். பிடித்த விடை வந்த அன்று பருத்திப்பால் குடித்தேன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் விஞ்ஞான மனப்பான்மை ஒளிந்துகொண்டிருந்தது.

கட்டுரையை இதழுக்கு அனுப்பினோம். இதழ்களில் பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் படித்துக் கேள்வி அனுப்புவார். எனக்குப் பெயர் தெரிந்த ஆசிரியர்கள் பலர் உண்டு. மார்க் வாங்குவது எப்படி என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பெயர் தெரியாத இந்த ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டார். முதல் இரண்டும் சிக்கலானவை. அவற்றுக்கு இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு பதினான்கு பக்கத்தில் பதில் எழுதினேன். மூன்றாவது ஒரே வரி. 'ஒவ்வொரு ஜோடியும் ஒரு முறை மட்டுமே எண்ணப்பட்டிருக்கிறதா என்று கட்டுரையாளர்கள் சரிபார்த்தார்களா?'

எனக்குச் சுருக்கென்றது. முதலாமாண்டு மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை என்னிடமா? 'ஆம், சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி அனுப்பினேன். சரிபார்க்கவில்லை. தமிழரசியிடம் அந்தக் கேள்வியைக் காட்டவும் இல்லை.

கட்டுரை வெளிவந்தது. அடுத்து நடந்தது என் கையில் இல்லை. கல்லூரியின் விளம்பரப் பிரிவு பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பியது. 'பிரபஞ்ச ரகசியத்தை உடைத்தது மதுரை' என்று ஒரு நாளிதழ் போட்டது. இன்னொன்று ஒரு படி மேலே போய், பூமியை நோக்கிக் கருந்துளைகள் வருகின்றனவா என்று கேள்விக்குறியோடு நிறுத்திக்கொண்டது. அந்தக் கேள்விக்குறி மேலூர்ப் பக்கம் போய்ச் சேருவதற்குள் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. தமிழரசியின் அப்பாவிடம் ஊர்க்காரர்கள் வந்து, "ஒம் மக கருந்துளை வருதுன்னு கண்டுபிடிச்சிருக்காமே, எப்ப வருது? நாத்து நடலாமா, வேணாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "அது வாரதுக்குள்ள ரெண்டு போகம் எடுத்துரலாம், நடுங்க" என்று அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்கள் ஆய்வைப் பற்றி அந்த மாதம் வெளியான கருத்துகளில் பொறுப்பானது அது ஒன்றுதான்.

பிறகு பிளக்ஸ். ஆரப்பாளையத்தில் பஸ் நுழையும் இடத்தில், ஆளுயரத்துக்கு என் படம். பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழே 'பிரபஞ்சத்தையே எண்ணிய எங்கள் அம்மாவே' என்று எழுதியிருந்தது. தமிழரசியின் படம் ஸ்டாம்பு அளவில், வலது மூலையில், பிளக்ஸ் அடித்த கடையின் போன் நம்பருக்கு மேலே. அதைப் பார்த்துவிட்டு, "கறுப்பு வட்டத்த மட்டும் சரியாப் போட்டுருக்காங்க மேடம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பாராட்டு விழா என்று முடிவானது. அமைச்சர் வருவார் என்றார்கள். இதற்கிடையில் தமிழரசிக்கு வெளிநாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றிலிருந்து வேலைக்கான கடிதம் வந்திருந்தது. முனைவர் பட்டம் முடிந்ததும் வந்து சேரலாம். அந்தக் கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே எங்கள் கட்டுரையின் பெயர் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு தாள்.

"மேடம், நாளைக்கு மேடைல காட்ட ஒரு படம் போட்டேன். ஆதிக் கருந்துளைன்னு நாலு புள்ளி வச்சு, எது எது கூட ஜோடி சேரலாம்னு கோடு இழுத்தேன். ஆறு கோடு வருது."

"ஆமா, ஆறுதான்."

"சும்மா நம்ம புரோகிராம்லயும் நாலே நாலு கொடுத்துப் பாத்தேன். பன்னெண்டு சொல்லுது."

தாளை வாங்கிப் பார்த்தேன். ஒன்றாம் புள்ளியும் இரண்டாம் புள்ளியும் ஒரு ஜோடி என்று எண்ணிவிட்டு, இரண்டாம் புள்ளியும் ஒன்றாம் புள்ளியும் இன்னொரு ஜோடி என்று புரோகிராம் மறுபடி எண்ணியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு தடவை, பெண் வீட்டில் ஒரு தடவை எழுதி, ஊரில் இரண்டு கல்யாணம் நடந்ததாகச் சொல்வதைப் போல. நான் எழுதிய பகுதி. நான் எழுதிய வரி.

நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தேன். இருந்தாலும் இன்னொரு தடவை உட்கார வேண்டும்போல் இருந்தது.

மனிதர்கள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்டால், அனுபவத்தில் சொல்கிறேன்: பேசுவார்கள். "நம்ம துறையில ரெண்டு மடங்குங்கிறது பெரிய விஷயமே இல்ல தமிழரசி. பத்து மடங்கு வித்தியாசத்தோடகூட கட்டுரை போடறாங்க" என்றேன். அது பொய்யும் இல்லை.

"ஆனா நம்ம கட்டுரையே அச்சு அசலாப் பொருந்துதுங்கிறதுதான மேடம்? பாதியாயிட்டா பொருந்தாதுல்ல" என்றாள்.

அப்புறம்தான் அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றி அவளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "எங்கிட்டக் காட்டியிருந்தா அன்னைக்கே நாலு புள்ளி வச்சிருப்பேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

கல்லூரி முதல்வரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. விழாக்காலத்தில் எந்த முதல்வரும் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். ஒரு காதில் போன், எதிரே பந்தல்காரர்.

"எம்புட்டு தப்பு மேடம்?" என்று கேட்டார்.

"சரியா ரெண்டு மடங்கு சார்."

"அப்ப பாதி சரி."

"அப்படி இல்ல சார். கட்டுரையோட முடிவே..."

"பரீட்சைல அம்பது மார்க் எடுத்தா பாஸ் போடுறமா இல்லையா?" என்றார். பந்தல்காரரும் ஆமோதித்தார். பிறகு முதல்வர் குரலைத் தணித்து, "மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தக் கருந்துளைக ஜோடி சேந்து எத்தன வருசம் ஆச்சு?" என்றார்.

"ஆயிரம் கோடி வருசத்துக்கும் மேல சார்."

"அம்புட்டு வருசம் பொறுத்துருச்சுகல்ல. இன்னும் நாலு நாளு பொறுக்காதா? நாளைக்கு மட்டும் சரியா இருக்கட்டும். திங்கக்கிழமை தப்பாப் போயிரட்டும்."

அந்த அறையில் நிற்கும்போது அது எனக்கு நியாயமாகவே பட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அமைச்சர் வருகிறார், பந்தல் போட்டாயிற்று, பிளக்ஸ் கட்டியாயிற்று, தமிழரசியின் வேலையும் இருக்கிறது. தப்பைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட உலகமே ஒன்றுகூடி எனக்குக் காரணங்களை எடுத்துக்கொடுத்தது. உங்களுக்கும் கொடுக்கும். மாணவியின் எதிர்காலத்துக்காகத்தான் பேசாமல் இருக்கிறோம் என்று தோன்றும்போது கொஞ்சம் நிதானியுங்கள். அந்த மாணவியைக் கேட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். நான் கேட்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே அவளே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மேடம் சொன்னாரு?"

"திங்கக்கிழமை சொல்லிக்கலாம்ங்கறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"நாளைக்குச் சொன்னாலும் திங்கக்கிழமை சொன்னாலும் எனக்கு அந்த வேலை போனாப் போனதுதான் மேடம்" என்றாள். "ஆனா இன்னைக்கு வரைக்கும் இது தப்பு. நாளைக்குத் தெரிஞ்சே மேடை ஏறி உக்காந்துட்டா, இதுக்குப் பேரு வேற."

சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வாரேன் என்று கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை அமைச்சர் வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு பிரமுகர் வந்தார். எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுப் பேசினார். நம் பகுதியில் சாலையில் எங்கே பள்ளம் விழுந்தாலும் தாம் உடனே அடைத்துவிடுவதாகவும், இப்போது வானத்தில் உள்ள துளைகளையும் ஓர் அம்மையார் கண்டுபிடித்துவிட்டதால் அவற்றையும் அடைப்பதற்கு ஆவன செய்யப்படும் என்றும் உறுதியளித்தார். கைதட்டல் அடங்கப் பல நிமிடங்கள் ஆயின.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த உரையை மடித்து வைத்துவிட்டு, போர்டு ஒன்று கேட்டேன். நான்கு புள்ளி வைத்து, கோடுகளை இழுத்து, எத்தனை என்று கேட்டேன். முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்த முதலாமாண்டு பிள்ளைகள் சத்தமாக எண்ணி, ஆறு என்றார்கள்.

"எங்கள் கட்டுரையில் இதைப் பன்னிரண்டு என்று எண்ணியிருக்கிறோம்" என்றேன். "எல்லாமே இரண்டு மடங்கு ஆகிவிட்டது. பிழை என்னுடையது. அதைக் கண்டுபிடித்தவர் தமிழரசி. அந்தக் கட்டுரையை நாங்கள் திரும்பப் பெறுகிறோம்."

கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூசியைப் பொன்னாடையில் துடைத்துக்கொண்டேன். அந்தத் துணியால் எனக்குக் கிடைத்த ஒரே பயன் அது. முதல்வர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பிரமுகர் எழுந்து நின்று பலமாகக் கைதட்டினார். அவர் எழுந்ததால் எல்லோரும் எழுந்தார்கள். நிகழ்ச்சித் தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து, "ஆறைப் பன்னிரண்டாக்கிக் காட்டிய நம் பேராசிரியைக்கு மீண்டும் ஒரு பலத்த கரவொலி" என்றார். நாதஸ்வரக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் நாளிதழில் தலைப்பு: 'ஆய்வில் இரு மடங்கு சாதனை. மதுரைப் பேராசிரியை அறிவிப்பு.'

ஒரு பிழையை ஒப்புக்கொள்வது கடினம் என்று நினைத்திருந்தேன். ஒப்புக்கொண்டதை மற்றவர்களை நம்பவைப்பது அதைவிடக் கடினம் என்று அன்று தெரிந்தது. மேடையில் சொன்னதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். எழுத்தில், அது தெரிந்தாக வேண்டிய ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகலே இதழுக்குக் கடிதம் அனுப்பினோம். தமிழரசி அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தானே எழுதினாள். நான் எழுதுகிறேன் என்றதற்கு, "வேலை எனக்குத்தான மேடம் கொடுத்தாங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மெமோ வந்தது. முன் அனுமதி பெறாமல் பிழை கண்டுபிடித்தது, கண்டுபிடித்த பிழையைப் பொது மேடையில் வெளியிட்டது என இரண்டு குற்றச்சாட்டுகள். இனிமேல் பிழை கண்டுபிடிப்பதற்கு முன்பே தக்க அனுமதி பெற்றுக்கொள்கிறேன் என்று பதில் எழுதினேன். விளக்கம் திருப்தியாக இருப்பதாகக் கோப்பில் குறித்துக்கொண்டார்கள். கட்டுரை வெளியானால் நிரப்ப மூன்று பக்கப் படிவம் இருக்கிறது. திரும்பப் பெற்றால் நிரப்பப் படிவம் கிடையாது. ஆகவே அலுவலகத்தைப் பொறுத்தவரை அது திரும்பப் பெறப்படவே இல்லை. அந்த வருட ஆண்டறிக்கையில் சாதனைப் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது. நூலகத்தில் போய்ப் பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தமிழரசிக்குப் பதில் வந்தது. முதல் பத்தியில் அவளுடைய நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள். இரண்டாவது பத்தியில் அந்த இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகத் தெரிவித்திருந்தார்கள். அதற்கு மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் நான் மேலூர் பஸ்ஸில் ஏறினேன். போய் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் ஏறினேன்.

அவளுடைய அப்பா அப்போதுதான் குவாரியிலிருந்து வந்திருந்தார். புருவமெல்லாம் கல் தூசி. நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டார்.

"எம் மக எதுவும் தப்பு பண்ணிருச்சாம்மா?"

"இல்லண்ணே. தப்பு பண்ணது நான். அதைக் கண்டுபிடிச்சது அவ."

"அப்ப அவளுக்கு எதுக்கும்மா வேலை போச்சு?"

கருத்தரங்குகளில் எத்தனையோ கேள்விகளைச் சமாளித்திருக்கிறேன். 'நல்ல கேள்வி' என்று சொல்லிவிட்டு வேறு எதையாவது பேசுவது எங்கள் வழக்கம். அவரிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

அவரே பேசினார். "குவாரியில கல்லு அறுக்கறதுக்கு முந்தி, இதுல விரிசல் ஓடுதுன்னு ஒருத்தன் சொன்னாம்னா, அடுத்த கல்லப் பாக்கவும் அவனத்தாம்மா கூட்டியாரச் சொல்லுவாக. ஒங்க தொழில்ல வேற மாதிரி போல." அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

தமிழரசி உள்ளே இருந்து வந்தாள். கை நிறைய நோட்டு.

"நான் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு நெனச்சீங்களா மேடம்?"

"ஆமா."

"மொத வாரம் கோவந்தான். உங்க மேலயும்தான். ரெண்டாவது வாரத்துல இருந்து எண்ணிக்கிட்டிருக்கேன்." நோட்டைப் பிரித்தாள். "ரெண்டு தடவ எண்ணுனது ஒரு தப்புத்தான் மேடம். இன்னொன்னும் இருக்கு. ஜோடி சேந்தாச் சேந்ததுதான்னு விட்டுட்டோம். ஆனா ஆதியில அதுக கூட்டம் கூட்டமாத்தான நின்னிருக்கும்? பஸ் ஸ்டாண்டுக் கூட்டம் மாதிரி, போறது வாரதெல்லாம் இடிச்சுக்கிட்டே போகும்ல. அதுல எம்புட்டு ஜோடி பிரிஞ்சிருக்கும்னு நாம பாக்கவே இல்ல."

அவள் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போகும்வரை நாங்கள் எடுக்கவில்லை. அங்கேயே ஒரு முடிவு செய்தோம். நான் தனியாக ஒரு புரோகிராம் எழுத வேண்டும். அவள் தனியாக ஒன்று எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. விடையை மட்டும் ஒப்பிட வேண்டும். நிபந்தனை போட்டவள் அவள். நான் தலையாட்டினேன், புரிந்துதான்.

மூன்று தடவை எங்கள் விடைகள் ஒத்துப்போகவில்லை. அதில் இரண்டு தடவை பிழை என்னுடையது, ஒரு தடவை அவளுடையது. அவளுடைய பிழை கிடைத்த அன்று எனக்குள் வந்த சந்தோஷம் நாகரிகமானது அல்ல. நான்காவது தடவை பொருந்தியது. அந்த விடையை யாருக்கும் பிடிக்கவில்லை. கருவிகள் கேட்ட இணைப்புகளில் ஆதிக் கருந்துளைகளுடையவை ஏதாவது இருந்தால், அது மிகச் சிறிய பங்காகத்தான் இருக்க முடியும். மற்றவையெல்லாம் செத்த நட்சத்திரங்களின் வேலையாக இருக்க வேண்டும். இதற்கு யாரும் பிளக்ஸ் கட்டமாட்டார்கள் என்பது ஆறுதலாக இருந்தது.

கட்டுரையை அதே இதழுக்கு அனுப்பினோம். மதிப்பீட்டாளரிடமிருந்து இந்த முறை ஒரே ஒரு கேள்வி வந்தது. ஒவ்வொரு ஜோடியும் ஒரு முறை மட்டுமே எண்ணப்பட்டிருக்கிறதா என்று. அதே ஆள்தான் என்று நினைக்கிறேன், தெரியாது. ஒன்பது நாள் எடுத்துக்கொண்டு, இரண்டு புரோகிராம்களையும், இரண்டு விடைகளையும், நான்கு புள்ளிப் படத்தையும் வைத்துப் பதில் அனுப்பினோம். 'நன்றி' என்று வந்தது. அவர் ஆணா பெண்ணா, எந்த நாடு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வாழ்க்கையில் யாருக்காவது கடிதம் எழுத விரும்பினால் அவருக்குத்தான்.

தமிழரசியின் பட்டம் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. அந்த ஒன்றரை வருடத்தை அவளுக்கு யாரும் திருப்பித் தரவில்லை, நானும் தரவில்லை. இப்போது அவள் வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறாள். கருவிகள் கேட்பதில் எது அசல் அதிர்வு, எது பக்கத்துச் சாலையில் லாரி போன சத்தம் என்று பிரித்துப் பார்க்கும் குழுவில் வேலை. தனக்கு ஏற்ற இடம் என்று சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அவளுடைய வாய்மொழித் தேர்வு நடந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். விதிப்படி அது எல்லோர் முன்னிலையிலும் நடக்க வேண்டும்; யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒட்டுவோம். அன்று மேலூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அறிவிப்பை அப்படியே நம்பிப் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். கருத்தரங்க அறையில் நாற்காலி போதவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், அத்தனை பேரையும் பார்த்துவிட்டு டையைச் சரிசெய்துகொண்டார்.

ஒன்றரை மணி நேரம் அவர் கேட்டார், அவள் பதில் சொன்னாள். கடைசியில் அவர், "ஆக, இத்தனை வருட உழைப்பின் முடிவு, பெரும்பாலும் இல்லை என்பதுதானா?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றாள்.

அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று விதிப்படி ஒரு முறை கேட்க வேண்டும். நான் கேட்டேன். யாரும் எழமாட்டார்கள் என்று அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தமிழரசியின் அப்பா எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"நான் கேக்கலாமாங்கய்யா?" என்று தேர்வாளரிடம் அனுமதி கேட்டுவிட்டு, மகளைப் பார்த்தார். "இந்தத் தடவ சரியா எண்ணிட்டியா?"

சிலர் சிரித்தார்கள். தேர்வாளரும் சிரித்தார். தமிழரசி சிரிக்கவில்லை. மற்ற கேள்விகளுக்கு யோசித்ததைவிட அதிக நேரம் யோசித்தாள்.

"எண்ணிட்டேம்ப்பா. நான் தனியா, மேடம் தனியா. ரெண்டு பேருக்கும் ஒரே விடைதான் வந்துச்சு."

"அப்ப சரியாத்தான் இருக்கும்?"

"இருக்கும்னு நெனைக்கிறேன். இல்லாமயும் போகலாம்."

"போச்சுன்னா?"

"மொத ஆளா நானே வந்து சொல்லுவேன்."

அவர் தலையாட்டினார். பிறகு தேர்வாளருக்குக் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். தேர்வாளர் இன்னும் கேட்க வேண்டும் என்று பென்சிலால் குறித்து வைத்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஆய்வேட்டை மூடினார். "எனக்கு வேறு கேள்வி இல்லை" என்றார்.